ஆராய்ச்சியாளரும் செய்தியாளரும்: ஒரு நூற்றாண்டு வரலாறு

முன்னுரை

ஓர் ஆராய்ச்சி முடிய ஐந்து ஆண்டுகள் ஆகலாம், பத்து ஆண்டுகளும் ஆகலாம். செய்தித்தாளுக்கோ மாலைக்குள் செய்தி கைக்கு வந்தாக வேண்டும். ஆராய்ச்சியாளர் "இப்படி இருக்கக்கூடும்" என்று சொல்வார். தலைப்பு எழுதுபவருக்கு "இப்படித்தான்" என்ற சொல் தேவைப்படும். இருவரின் வேலையும் வேறு, வேகமும் வேறு. ஆனாலும் ஒருவர் இல்லாமல் மற்றவர் இல்லை. பொதுமக்களில் பெரும்பாலோர் ஆய்விதழ்களைப் படிப்பதில்லை. ஒரு தடுப்பூசி நல்லதா, ஒரு நிலநடுக்கம் வருமா, ஒரு புதிய கண்டுபிடிப்பை நம்பலாமா என்பதையெல்லாம் அவர்கள் செய்தித்தாள், வானொலி, தொலைக்காட்சி, இணையம் வழியாகவே அறிகிறார்கள்.

எனவே ஆராய்ச்சியாளர்கள் ஊடகங்களோடு பேசியே ஆக வேண்டும். எப்போது பேசுவது, எதைச் சொல்வது, எவ்வளவு உறுதியோடு சொல்வது என்பதில்தான் சிக்கல். கடந்த நூறு ஆண்டுகளில் இதைச் சரியாகச் செய்தவர்களும் உண்டு, தவறாகச் செய்து பெயரை இழந்தவர்களும் உண்டு. சில நேரங்களில் அந்தத் தவறின் விலையைச் சாதாரண மக்கள் உயிரால் கொடுத்திருக்கிறார்கள். அந்த வரலாற்றின் முக்கியமான சில நிகழ்வுகளை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

கிரகணமும் தலைப்புச் செய்தியும் (1919)

1919 மே 29 அன்று முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. சூரியனுக்கு அருகில் தெரியும் விண்மீன்களின் ஒளி சூரியனின் ஈர்ப்பால் எவ்வளவு வளைகிறது என்று அளப்பதற்காக இங்கிலாந்திலிருந்து இரண்டு குழுக்கள் புறப்பட்டன. ஆர்தர் எடிங்டன் இருந்த குழு ஆப்பிரிக்கக் கரையோரத்தில் உள்ள பிரின்சிப்பி தீவுக்குச் சென்றது. மற்றொரு குழு பிரேசில் நாட்டின் சோப்ரால் நகருக்குச் சென்றது. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாட்டைச் சோதிப்பதே நோக்கம்.

படங்களை அளந்து, கணக்கிட்டு, முடிவு சொல்ல ஐந்து மாதங்களுக்கு மேல் ஆயிற்று. நவம்பர் 6 அன்று லண்டனில் ராயல் சொசைட்டியும் ராயல் வானியல் கழகமும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் முடிவுகள் அறிவிக்கப்பட்டன. ஐன்ஸ்டைனின் கணிப்பு சரி என்பதே முடிவு. மறுநாள் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழ் இதை அறிவியலில் நிகழ்ந்த புரட்சி என்று தலைப்பிட்டு எழுதியது. 'நியூயார்க் டைம்ஸ்' இச்செய்தியைத் திரட்டும் வேலையை லண்டனில் கோல்ஃப் விளையாட்டுச் செய்திகளை எழுதி வந்த ஹென்றி கிரவுச் என்ற நிருபரிடம் ஒப்படைத்தது! அக்காலத்தில் அறிவியலுக்கென்று தனி நிருபர்கள் இல்லை என்பதற்கு இது ஒரு சான்று.

இந்தப் பரபரப்பைக் கண்டு அறிஞர்கள் ஒதுங்கிக்கொள்ளவில்லை. எடிங்டன் பொதுக்கூட்டங்களில் விளக்கிப் பேசினார். ஐன்ஸ்டைன் அதே மாதம் 28ஆம் தேதி 'டைம்ஸ்' இதழில் தம் கோட்பாட்டைத் தாமே எளிமையாக விளக்கி எழுதினார். முதலில் சக அறிஞர்களின் அவை, அடுத்து பொதுமக்கள் என்ற வரிசை இங்கே சரியாக அமைந்தது. தலைப்புகள் கொஞ்சம் மிகையாக இருந்தாலும் அடிப்படைச் செய்தி பிழையின்றி மக்களைச் சென்றடைந்தது.

அறிவியல் தெரிந்தவர்களே அறிவியல் செய்தி எழுத வேண்டும் என்ற எண்ணமும் இக்காலத்தில்தான் வலுப்பெற்றது. 1921இல் அமெரிக்கப் பத்திரிகை அதிபர் எட்வர்ட் ஸ்கிரிப்ஸின் உதவியோடு வாஷிங்டனில் 'சயின்ஸ் சர்வீஸ்' என்ற செய்தி நிறுவனம் தொடங்கப்பட்டது. அதை முதலில் நடத்தியவர் எட்வின் ஸ்லாசன் என்ற வேதியியலாளர்.

மறுநாளே செய்தி கொடுத்த ராமன் (1928)

ஊடகத்தைப் பயன்படுத்துவதில் நம் நாட்டவரும் சளைத்தவர்கள் அல்ல. திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமனும், வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணனும் கொல்கத்தா பவ்பஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகத்தில் ஒளிச்சிதறல் பற்றி ஆய்வு செய்து வந்தனர். 1928 பிப்ரவரி 28 அன்று, பின்னாளில் 'ராமன் விளைவு' எனப் பெயர் பெற்ற நிகழ்வு நிறமாலைமானியில் தெளிவாகத் தெரிந்தது. மறுநாளே ராமன் அதைப் பத்திரிகைகளுக்கு அறிவித்துவிட்டார்.

இது அவசரம் இல்லையா என்று கேட்கலாம். அவசரம்தான். அதற்குக் காரணமும் இருந்தது. மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டல்ஷ்டாம் என்ற இரு இயற்பியலாளர்கள் அதே நேரத்தில் படிகங்களில் இதே விளைவைக் கண்டுகொண்டிருந்தார்கள். அறிவியலில் முதலில் அறிவித்தவருக்கே பெருமை.

ஆனால் ராமன் பத்திரிகைச் செய்தியோடு நிற்கவில்லை. இந்த ஆய்வு பற்றிய குறிப்பை அதற்கு முன்பே 'நேச்சர்' ஆய்விதழுக்கு எழுதியிருந்தார். மார்ச் 16 அன்று பெங்களூரில் முழு விவரங்களோடு உரையாற்றினார். அந்த உரையை அச்சிட்டு உலகெங்கும் உள்ள அறிஞர்களுக்கு அனுப்பி வைத்தார். சோதனையைச் செய்யப் பெரிய கருவிகளும் தேவையில்லை. அமெரிக்காவில் ஆர்.டபிள்யூ. வுட், ஜெர்மனியில் பிரிங்ஸ்ஹைம் போன்றவர்கள் தாமே செய்து பார்த்து, உண்மை என்று உறுதி செய்தனர். 1930இல் ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

செய்தியை விரைவாகச் சொன்னதில் தவறு நேரவில்லை. பிறர் சரிபார்ப்பதற்கு வேண்டிய எல்லாவற்றையும் அவர் உடனடியாகக் கொடுத்ததே அதற்குக் காரணம். இந்த வேறுபாடு அறுபது ஆண்டுகள் கழித்து நடந்த ஒரு நிகழ்ச்சியில் நன்றாக விளங்கும். அதற்கு முன், செய்தியாளர்களைக் கூட்டத்துக்குள்ளேயே அழைத்த ஒரு மாநாட்டைப் பார்ப்போம்.

கதவைத் திறந்து வைத்த மாநாடு (1975)

1970களின் தொடக்கத்தில் ஓர் உயிரியின் மரபணுவை மற்றோர் உயிரியில் ஒட்டவைக்கும் நுட்பம் கைவந்தது. இதனால் ஆபத்தான புதிய கிருமிகள் உருவாகிவிடுமோ என்ற அச்சம் ஆய்வாளர்களுக்கே ஏற்பட்டது. 1974இல் பால் பெர்க் தலைமையில் சில அறிஞர்கள் ஆய்விதழ்களில் கடிதம் எழுதி, சில வகைச் சோதனைகளைத் தாமாகவே நிறுத்தி வைக்கும்படி கேட்டுக்கொண்டனர். அதன் தொடர்ச்சியாக 1975 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் அசிலோமரில் சுமார் 140 பேர் கூடினர்.

இந்தக் கூட்டத்துக்குச் செய்தியாளர்களும் அழைக்கப்பட்டனர். ஒரே ஒரு நிபந்தனை: மாநாடு முடியும்வரை யாரும் செய்தி அனுப்பக் கூடாது. அறிஞர்கள் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டதையும், ஜேம்ஸ் வாட்சன் போன்றவர்கள் கட்டுப்பாடுகளை எதிர்த்ததையும், கடைசியில் பாதுகாப்பு விதிகள் பற்றி ஓர் உடன்பாடு வந்ததையும் அவர்கள் உடனிருந்து பார்த்தனர். முழுவதும் பார்த்தவர்கள் எழுதியதால் செய்திகளிலும் ஆழம் இருந்தது. இளைஞர்கள் விரும்பிப் படித்த 'ரோலிங் ஸ்டோன்' இதழிலும் அசிலோமர் பற்றி நீண்ட கட்டுரை வந்தது.

பொதுமக்களின் பிரதிநிதிகள் போதிய அளவு இல்லை என்ற குறை அந்த மாநாட்டைப் பற்றி உண்டு. மறு ஆண்டே மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரசபை இந்த ஆராய்ச்சியை எதிர்த்துக் கேள்வி எழுப்பியது. இருந்தாலும் ஆய்வாளர்கள் எதையோ மூடி மறைக்கிறார்கள் என்ற பழி பெரிதாக எழவில்லை. நுட்பமும் வளர்ந்தது. 1982இல் பாக்டீரியா மூலம் தயாரித்த மனித இன்சுலின் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

பதறிய காரியம் சிதறியது (1989)

1989 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகம் பத்திரிகையாளர் சந்திப்பு ஒன்றை நடத்தியது. ஸ்டான்லி பான்ஸ், மார்ட்டின் ஃபிளைஷ்மன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் மேடையில் இருந்தனர். சூரியனுக்குள் நடக்கும் அணுக்கரு இணைவை, மேசை மேல் ஒரு கண்ணாடிக் குடுவையில், கன நீரில் பல்லேடியம் தண்டை வைத்து மின்சாரம் பாய்ச்சி, அறை வெப்பநிலையிலேயே நடத்திக் காட்டிவிட்டதாக அறிவித்தார்கள். உலகின் எரிபொருள் கவலை தீர்ந்தது என்ற அளவுக்குச் செய்தி பரவியது. அடுத்த நாளே அலாஸ்காவில் 'எக்ஸான் வால்டீஸ்' எண்ணெய்க் கப்பல் தரைதட்டி, கடலில் கச்சா எண்ணெய் கொட்டியது. மாசில்லாத எரிசக்திக்கு உலகம் ஏங்கிய நேரத்தில் இந்தச் செய்தி வந்தது.

ஃபிளைஷ்மன் சாதாரண ஆள் அல்ல. லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர். உலோகப் பரப்பில் ராமன் விளைவு பல மடங்கு கூடுவதை 1974இல் கண்டவர்களில் ஒருவர். அப்படிப்பட்டவர் ஏன் அவசரப்பட்டார்? அதே யூட்டா மாநிலத்தில் உள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஜோன்ஸ் என்ற இயற்பியலாளரும் இதைப் போன்ற ஆய்வில் இருந்தார். இரு தரப்பும் மார்ச் 24 அன்று ஒரே நேரத்தில் தம் கட்டுரைகளை 'நேச்சர்' இதழுக்கு அனுப்புவதாகப் பேசி வைத்திருந்தனர். காப்புரிமை கைவிட்டுப் போய்விடுமோ என்ற கவலை யூட்டா பல்கலைக்கழகத்துக்கு இருந்தது. ஒரு நாள் முன்னதாகவே பத்திரிகையாளர்களை அழைத்துவிட்டார்கள்.

அன்றைய தினம் அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை அச்சில் வந்திருக்கவில்லை. சோதனையைத் திரும்பச் செய்து பார்க்க விரும்பிய ஆய்வுக்கூடங்களுக்கு அளவுகளும் விவரங்களும் கிடைக்கவில்லை. தொலைக்காட்சிச் செய்தியில் தெரிந்த கருவியைப் பார்த்து அதன் அமைப்பை ஊகிக்க வேண்டிய நிலை! கட்டுரையின் நகல்கள் ஃபேக்ஸ் வழியாகக் கைமாறின. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், தொலைக்காட்சியில் காட்டப்பட்ட காமா கதிர் வரைபடத்தை வைத்தே அதில் உள்ள குறையைச் சுட்டிக்காட்டினர்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. சில ஆய்வுக்கூடங்கள் தாமும் பத்திரிகையாளர்களைக் கூட்டி, "எங்களுக்கும் வந்தது" என்றன. ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகம் நியூட்ரான்களைக் கண்டதாக அறிவித்துவிட்டு, சில நாள்களிலேயே கருவி வெப்பத்தால் தவறாகக் காட்டியது என்று திரும்பப் பெற்றுக்கொண்டது. யூட்டா சட்டமன்றமோ இந்த ஆய்வுக்கு 50 லட்சம் டாலர் ஒதுக்கியது. மே மாதத் தொடக்கத்தில் பால்டிமோரில் நடந்த அமெரிக்க இயற்பியல் கழகக் கூட்டத்தில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த நேதன் லூயிஸ், ஸ்டீவன் கூனின் ஆகியோர் இந்த ஆய்வைக் கடுமையாக விமர்சித்தனர். அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க எரிசக்தித் துறையின் குழு, இதை நம்பத் தகுந்த சான்று இல்லை என்று அறிக்கை தந்தது.

ராமனும் விரைவாக அறிவித்தார், இவர்களும் விரைவாக அறிவித்தார்கள். ராமன் அறிவித்ததை யாரும் செய்து பார்க்க முடிந்தது. இவர்கள் அறிவித்ததைச் செய்து பார்க்க விவரமே இல்லை. அதைவிட, ஆய்வாளர்கள் தவறு செய்வது இயல்பு. ஆய்விதழில் செய்த தவறு ஆய்விதழிலேயே அமைதியாகத் திருத்தப்படும். கேமராக்களுக்கு முன் சொன்னதை அவ்வளவு எளிதில் திரும்பப் பெற முடியாது. இருவரும் தம் முடிவை விடாமல் பிடித்துக்கொண்டனர். 1990களில் பிரான்சில் ஆய்வைத் தொடர்ந்தும் உலகம் ஏற்கும் சான்று கிடைக்கவில்லை.

பன்னிரண்டு குழந்தைகளும் ஒரு பெரும் பீதியும் (1998)

குடுவை ஆய்வில் வீணானது பணமும் பெயரும் மட்டும். ஒன்பது ஆண்டுகள் கழித்து லண்டனில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பின் விளைவு வேறு மாதிரியானது.

1998 பிப்ரவரி 26 அன்று லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் செய்தியாளர்கள் கூட்டப்பட்டனர். ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் அவருடைய குழுவினரும் எழுதி, 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவரவிருந்த கட்டுரை பற்றிய சந்திப்பு அது. கட்டுரையில் பேசப்பட்டவர்கள் 12 குழந்தைகள் மட்டுமே. குடல் நோயும் ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடும் சேர்ந்து காணப்பட்டதாகவும், சில பெற்றோர் அதை எம்.எம்.ஆர். தடுப்பூசியோடு தொடர்புபடுத்தியதாகவும் அதில் எழுதப்பட்டிருந்தது. எம்.எம்.ஆர். என்பது தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் போடப்படும் தடுப்பூசி. தடுப்பூசிக்கும் இந்நோய்க்கும் தொடர்பு இருப்பதை நிரூபிக்கவில்லை என்று அந்தக் கட்டுரையே கூறியது.

கட்டுரையில் இருந்த அந்த எச்சரிக்கை மேடையில் காணாமல் போயிற்று. மூன்றையும் சேர்த்துப் போடும் ஊசியை நிறுத்தி, தனித்தனியாகப் போட வேண்டும் என்று வேக்ஃபீல்ட் செய்தியாளர்களிடம் கூறினார். ஊசியைத் தொடர வேண்டும் என்று அதே மேடையில் மற்றவர்கள் சொன்னார்கள். இரண்டில் எது தலைப்பாகும் என்று சொல்லத் தேவையில்லை.

தொடர்ந்த ஆண்டுகளில் பிரிட்டிஷ் ஊடகங்கள் இதை இரு தரப்பு வழக்குப் போல நடத்தின. ஒரு பக்கம் வேக்ஃபீல்ட், மறுபக்கம் மருத்துவ உலகம். 2002இல் டென்மார்க்கில் 5 லட்சத்து 37 ஆயிரம் குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்த பெரிய ஆய்வு, தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இல்லை என்று காட்டியது. ஆனாலும் செய்தியில் இரு தரப்புக்கும் ஒரே அளவு இடம் கிடைத்ததால், சான்றும் இரு தரப்பிலும் ஒரே அளவு இருக்கிறது என்று பலர் எண்ணிக்கொண்டதாகக் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று 2003இல் தெரிவித்தது. தராசின் இரண்டு தட்டுகளும் செய்தித்தாளில்தான் சமமாக இருந்தன.

விளைவு? இங்கிலாந்தில் சுமார் 92 விழுக்காடாக இருந்த தடுப்பூசி அளவு 2003-04இல் சுமார் 80 விழுக்காடாகக் குறைந்தது. 2008இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தட்டம்மை மீண்டும் நிலைகொண்டுவிட்டதாக அறிவிக்கப்பட்டது. 2012 இறுதியில் தொடங்கி 2013இல் வேல்ஸின் சுவான்சி பகுதியில் பரவிய தட்டம்மையில் 1200 பேருக்கு மேல் நோய் கண்டதாகப் பதிவாயிற்று. ஓர் இளைஞர் இறந்தார். நோய் கண்டவர்களில் பலர் பள்ளி மாணவர்கள். அந்தப் பீதியின் ஆண்டுகளில் ஊசி போடப்படாமல் விடப்பட்ட குழந்தைகள் அப்போது வளர்ந்து பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இந்தக் குழப்பத்தை அவிழ்த்ததும் ஒரு செய்தியாளர்தான் என்பது குறிப்பிடத்தக்கது. 'சண்டே டைம்ஸ்' இதழின் பிரையன் டீர், தடுப்பூசி நிறுவனங்கள் மேல் வழக்குத் தொடுக்க முயன்ற வழக்கறிஞர்களிடமிருந்து வேக்ஃபீல்டின் ஆய்வுக்குப் பணம் வந்ததை 2004இல் வெளிப்படுத்தினார். அதே ஆண்டு கட்டுரையின் இணை ஆசிரியர்களில் 10 பேர் தடுப்பூசி பற்றிய கருத்திலிருந்து விலகிக்கொண்டனர். 2010 பிப்ரவரியில் 'லான்செட்' கட்டுரையை முழுவதுமாகத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு மே மாதம் வேக்ஃபீல்டின் பெயர் பிரிட்டிஷ் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. அதற்குள் பன்னிரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன.

லண்டனில் பிறந்த ஒரு மையம் (2002)

இந்தப் பீதி உச்சத்தில் இருந்தபோது நல்ல ஆய்வாளர்கள் எங்கே போனார்கள்? பலர் பேசத் தயங்கினார்கள். நிருபர் அழைத்தால் "பிறகு பார்க்கலாம்" என்றார்கள். நிருபருக்கோ மாலைக்குள் கருத்து வேண்டும். யார் கிடைக்கிறாரோ அவர் சொன்னதே அச்சேறியது.

இந்தக் குறையைப் போக்க 2002இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் கட்டடத்தில் 'அறிவியல் ஊடக மையம்' தொடங்கப்பட்டது. ஃபியோனா ஃபாக்ஸ் அதன் முதல் தலைவர். பெரிய அறிவியல் செய்தி வெளியானால், அத்துறை அறிஞர்களின் கருத்துகளைத் திரட்டி அன்றே செய்தியாளர்களுக்கு அனுப்புவது இதன் முக்கிய வேலை. ஊடகங்கள் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளப் போவதில்லை, ஆய்வாளர்கள்தான் பேச வேண்டிய நேரத்தில் முன்வர வேண்டும் என்பதே இதன் அடிப்படை எண்ணம். பின்னர் ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலும் இத்தகைய மையங்கள் தோன்றின. நிபுணர் கருத்து எளிதாகக் கையில் கிடைப்பதால் செய்தியாளர்கள் தாமே தேடிப் போவது குறைகிறது என்ற விமர்சனமும் இந்த மையத்தின் மீது உண்டு.

வேறொருவர் பேசிய சொல் (2009)

ஆய்வாளர்கள் பேசாமல் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இத்தாலியின் லாக்விலா நகரம் கொடிய எடுத்துக்காட்டு ஆகும். 2009 தொடக்கத்திலிருந்தே அந்நகரில் சிறு அதிர்வுகள் வந்துகொண்டிருந்தன. பெரிய நிலநடுக்கம் வரப்போகிறது என்று ஓர் ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர் எச்சரித்து வந்ததால் மக்கள் கலங்கியிருந்தனர். மார்ச் 31 அன்று நில அதிர்வு நிபுணர்களின் கூட்டம் அங்கே நடைபெற்றது. அக்கூட்டமே பெரும்பாலும் ஊடகங்களுக்காக நடத்தப்படுவதுதான் என்று குடிமக்கள் பாதுகாப்புத் துறையின் தலைவர் தொலைபேசியில் பேசிய பதிவு பின்னர் வெளிவந்தது.

அத்துறையின் துணைத் தலைவர் பெர்னார்டோ டி பெர்னார்டினிஸ் தொலைக்காட்சிக்கு அளித்த பேட்டியில், சிறு அதிர்வுகளால் ஆற்றல் வெளியேறிவிடுவதால் ஆபத்து இல்லை என்று அறிவியலாளர்கள் கூறுவதாகத் தெரிவித்தார். இது அறிவியல்படி தவறு. சிறு அதிர்வுகள் பெரிய நிலநடுக்கத்தைத் தடுத்துவிடும் என்று எந்த நில அதிர்வியலும் சொல்வதில்லை. ஆனால் மக்களைச் சென்றடைந்தது அந்தச் சொல்தான். கூட்டத்தில் இருந்த ஆய்வாளர்கள் மக்கள் காதில் விழும்படி அதைத் திருத்தவில்லை.

தரை அதிர்ந்தால் வீட்டை விட்டு வெளியேறி, இரவைத் திறந்த வெளியில் கழிப்பது அவ்வூர்ப் பழக்கம். ஏப்ரல் 5 இரவு ஓர் அதிர்வு வந்தது. அமைதிப்படுத்தும் பேச்சைக் கேட்டிருந்த பலர் அன்று வீட்டிலேயே தங்கிவிட்டதாக உறவினர்கள் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். ஏப்ரல் 6 அதிகாலை 3.32 மணிக்கு 6.3 அளவிலான நிலநடுக்கம் தாக்கியது. 300 பேருக்கு மேல் இறந்தனர்.

2012இல் ஆறு அறிவியலாளர்களுக்கும் டி பெர்னார்டினிஸுக்கும் தலா ஆறு ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. உலகெங்கும் அறிஞர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆறு அறிவியலாளர்களையும் விடுவித்து, டி பெர்னார்டினிஸின் தண்டனையை இரண்டு ஆண்டுகளாகக் குறைத்தது. 2015இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நிலநடுக்கத்தை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. "முடியாது" என்ற அந்த ஒரு சொல்லைத் தெளிவாகச் சொல்லியிருந்தால் ஊர்ப் பழக்கமாவது பலரைக் காப்பாற்றியிருக்கும்.

ஒளியை முந்திய துகள்? (2011)

அதே லாக்விலாவுக்கு அருகில், கிரான் சாசோ மலைக்கு அடியில் ஓர் இயற்பியல் ஆய்வுக்கூடம் உள்ளது. ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்திலிருந்து சுமார் 730 கி.மீ. பூமிக்குள்ளாகவே பாய்ந்து வரும் நியூட்ரினோ துகள்களை 'ஓபெரா' என்ற குழு இங்கே அளந்தது. அவை ஒளியைவிட 60 நானோ வினாடி முந்தி வருவதாகக் கணக்கு காட்டியது. இது உண்மையானால் ஐன்ஸ்டைனையே திருத்த வேண்டும்.

2011 செப்டம்பர் 23 அன்று செர்ன் கருத்தரங்கில் முடிவை வெளியிட்ட குழுவினர், "ஒளி வேகத்தை வென்றுவிட்டோம்" என்று சொல்லவில்லை. மாதக்கணக்கில் தேடியும் பிழையைக் காண முடியவில்லை, மற்றவர்கள் தேடிப் பாருங்கள் என்று விவரங்களை வெளியிட்டனர். அப்படியும் ஊடகங்களில் பரபரப்பு அடங்கவில்லை. ஜெனீவாவிலிருந்து கிரான் சாசோவரை சுரங்கப்பாதை கட்ட இத்தாலி உதவியது என்று அந்நாட்டு அமைச்சரின் அலுவலகம் பெருமையோடு அறிக்கை விட்டு உலகத்தின் கேலிக்கு ஆளானது. அப்படி ஒரு சுரங்கமே கிடையாது!

2012 பிப்ரவரியில் காரணம் தெரிந்தது. ஒளியிழை வடம் ஒன்று சரியாகப் பொருத்தப்படவில்லை. குழுவின் தலைவர்கள் இருவர் மார்ச் மாதம் பதவி விலகினர். ஆனால் அறிவியல் மீது மக்களுக்கு இருந்த நம்பிக்கை குலையவில்லை. தொடக்கத்திலேயே "உறுதியில்லை" என்று சொல்லியிருந்ததால், பிழை வெளிப்பட்டபோது அது ஏமாற்று வேலையாக யாருக்கும் தோன்றவில்லை.

வரலாறு காட்டும் வழிகள்

இந்நிகழ்வுகளிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் பின்பற்றத் தக்க சில வழிகள் தெரிகின்றன.

1. ஆய்வுக் கட்டுரை சக அறிஞர்களின் பார்வைக்குப் போன பிறகு, அல்லது அதனுடன் சேர்த்தே, செய்தியை வெளியிட வேண்டும். பல ஆய்விதழ்கள் கட்டுரையைச் சில நாள் முன்னதாகவே செய்தியாளர்களுக்குக் கொடுத்து, குறித்த நேரம்வரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கின்றன. நிருபர் படித்துப் புரிந்துகொள்ள இது நேரம் தருகிறது.

2. கட்டுரையில் எழுதாத ஒன்றை மேடையில் சொல்லக் கூடாது. வேக்ஃபீல்ட் நிகழ்வின் முதல் பாடம் இதுவே.

3. கண்டுபிடிப்போடு அதன் எல்லையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எத்தனை பேரிடம் சோதித்தது, வேறு யார் சரிபார்த்தது, எது இன்னும் தெரியாது என்பவை செய்தியின் பகுதிகளே. அவற்றை முதல் இரண்டு வாக்கியங்களுக்குள் சொல்லிவிட்டால் நிருபரால் விட்டுவிட முடியாது.

4. பணம் எங்கிருந்து வந்தது என்பதைத் தாமே முதலில் சொல்லிவிட வேண்டும். பிறர் கண்டுபிடித்துச் சொன்னால் உண்மையும் பொய்யாகத் தோன்றும்.

5. நிருபர் அழைத்தால் அன்றே பதில் தர வேண்டும். தம் துறை அல்லாத கேள்வி என்றால் தக்கவரின் பெயரைச் சொல்லலாம். காலியாக விட்ட இடத்தை வேறு யாராவது நிரப்பிவிடுவார்கள்.

6. தம் பெயரில் தவறான கருத்து பரவினால் உடனே, வெளிப்படையாகத் திருத்த வேண்டும். லாக்விலாவில் நடக்காமல் போனது இதுதான்.

முடிவுரை

செய்தியாளர் ஆராய்ச்சியாளரின் எதிரியும் அல்லர், விளம்பரதாரரும் அல்லர். ஒரு பொய்யைப் பரப்பிய அதே ஊடக உலகத்திலிருந்துதான் அதை உடைத்த பிரையன் டீரும் வந்தார். தலைப்பு எழுதும் உரிமை ஆராய்ச்சியாளருக்கு இல்லை. ஆனால் தலைப்புக்குக் கீழே இருக்க வேண்டிய உண்மைகளைத் தெளிவாக எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு அவருக்கு உண்டு. எடிங்டனும் ராமனும் அசிலோமர் அறிஞர்களும் அதைச் செய்தார்கள். செய்யாதபோது என்ன ஆகும் என்பதற்குச் சுவான்சியின் பள்ளிக் குழந்தைகளும் லாக்விலாவின் இடிந்த வீடுகளும் சாட்சி. "இது எங்களுக்கு இன்னும் தெரியாது" என்று ஊடகத்தின் முன் துணிந்து சொல்லக் கற்றுக்கொள்வதே ஆராய்ச்சியாளரின் முதல் ஊடகப் பயிற்சி எனலாம்.